தனியே போகிறவன் சுமை

தனியாகக் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கப் போகிறேன் என்று சொன்னால் போதும், அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வந்துவிடுவார்கள். பெரும்பாலும் எடையைப் பற்றித்தான் பேசுவார்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டு. டவல் வேண்டாம், கைக்குட்டை போதும். மாற்றுச் சட்டை எதற்கு, ஒரு ராத்திரிதானே. ரே ஜார்டின் என்ற அமெரிக்கர் 1990களில் பரப்பிய முறை இது. தண்ணீர், சாப்பாடு, எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டு மிச்சப் பை நாலரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டால் இந்த வட்டாரத்தில் உங்களுக்கு ஒரு துறவிக்குரிய மரியாதை கிடைக்கும். அவர்களிடையே ஒரு பேச்சும் புழங்குகிறது: ஒவ்வொருவனும் தன் பயத்தைத்தான் பையில் அடைக்கிறான். குளிருக்குப் பயந்தவன் இரண்டு கம்பளி வைப்பான், பசிக்குப் பயந்தவன் ஐந்து பாக்கெட் பிஸ்கட், இருட்டுக்குப் பயந்தவன் இரண்டு டார்ச். பயத்தை விட்டால் பை தானாக இளைக்கும் என்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். பையில் அடைக்காமல் விட்ட பயம் எங்கே போகிறது?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி உண்டு. எங்கே போவது? நான் இருப்பது அம்பத்தூர். ரயில் தடத்துக்கு ஒரு பக்கம் வீடு, இன்னொரு பக்கம் எஸ்டேட். 1964ல் தொடங்கிய அந்தத் தொழிற்பேட்டையின் இரைச்சலைக் கேட்டுக் கேட்டு, இரைச்சல் நின்றால்தான் தூக்கம் கலையும் என்ற நிலைக்கு வந்தவர்கள் நாங்கள். ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டிப் போனால் பூண்டி ஏரி. அதற்கு அப்பால் முள்ளும் குத்துப் புதரும் கூழாங்கல்லுமாக ஒரு காடு. அங்கே குடியம் குகை இருக்கிறது. பக்கத்திலேயே அத்திரம்பாக்கம். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்த இடம். பிறகு சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில் அவற்றில் பழையவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011ல் அறிவித்தார்கள். வெளியில் தங்குவதற்கான சாமான் என்று பார்த்தால் இந்த மாநிலத்திலேயே மூத்த சாமான் எங்கள் பேட்டையிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் நிற்கும் குவார்ட்சைட் கல், இரண்டு பக்கமும் செதுக்கி, முனை கூராக. அதைச் செய்தவர்கள் கல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் கால் வைத்த இடமெல்லாம் குவார்ட்சைட் கிடக்கிறது. செதுக்கத் தெரிந்த கை இருந்தால் போதும். பை இளைக்க வேண்டும் என்று தவிப்பவர்கள் ஒரு முறை போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கலாம்.

ஆனால் குடியத்தில் இன்று இரவு தங்க முடியாது. அது காப்புக்காடு. பகலில், அனுமதியோடு, வழிகாட்டியோடு போய் வரலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 வழித்தடங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் சட்டப்படி ஒருவன் தனியாகக் கூடாரம் போட வேண்டுமென்றால் பெரும்பாலும் யாராவது ஒருவருடைய பட்டா நிலத்தில்தான் போட வேண்டும். நான் போனது ஏலகிரிக்கு. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வருகிற ஊர், சுமார் 1,100 மீட்டர் உயரம். மேலே ஒருவர் தன் தோப்பின் ஓரத்தை இப்படி வருகிறவர்களுக்கு விடுகிறார். 'தனியாக' என்ற சொல்லை இந்த அளவுக்குத்தான் நான் பயன்படுத்துகிறேன் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். கூப்பிடு தூரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. தோரோவின் வால்டன் குடிசையை ஊருக்குப் பக்கத்தில்தானே இருந்தது, அம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டாரே என்று கேலி செய்கிறவர்கள் இதையும் கேலி செய்யலாம். தனிமை என்பது கிலோமீட்டர் கணக்கல்ல என்று நினைக்கிறேன். அதை விரித்து எழுத இது இடமில்லை.

சாமான்களுக்கு வருகிறேன். கூடாரம், அடியில் விரிக்க பாரிமுனையில் வாங்கிய தார்ப்பாய்த் துண்டு, மேட், ஒரு போர்வை, தலையில் மாட்டும் விளக்கு, விசில், மழைக்கோட்டு, பவர் பேங்க், கொசுத்தைலம், கயிறு. தண்ணீர்தான் பெரிய எடை. ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதில் யாரும் கைப்பிடியை வெட்ட முடியாது. ரயிலில் போவதால் கேஸ் அடுப்பு கிடையாது, எரியும் பொருளை ரயிலில் ஏற்றுவது குற்றம். அதனால் சமைக்கத் தேவையில்லாத சாப்பாடு. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, பொரி, கடலை உருண்டை. ஒரு நாள் தாங்குகிற பயணச் சாப்பாட்டை நம் ஊரில் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. புளியோதரையை நானேதான் கிளறினேன். ஆனால் புளிக்காய்ச்சல் அம்மாவுடையது, போன மாதம் காய்ச்சிப் பாட்டிலில் போட்டது. எடைப் பட்டியலில் 'புளியோதரை, 400 கிராம்' என்றுதான் வரும். புளியைக் கரைத்து, எண்ணெய் பிரியும் வரை அடுப்படியில் நின்றவள் அந்தக் கிராமில் இல்லை.

இதையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். ஆவடி படைத்துறை உடைத் தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961ல் ஆரம்பித்த தொழிற்சாலை அது. எங்கள் தெருவில் அங்கே வேலை செய்தவர்கள் வீடு மூன்று நான்கு உண்டு. கூடாரத்தின் ஓரத்தைத் திருப்பி, கட்டை விரலால் தையலை நெருடிப் பார்த்தார்.

"டேப் ஒட்டியிருக்கான், பரவால்ல. மூலைல மட்டும் கூட ரெண்டு ஓட்டு ஓட்டியிருக்கணும். காத்து இழுத்தா மொதல்ல அங்கதான் விடும். எத்தன பேரு தம்பி போறீங்க?"

"நான் மட்டும்தான் சார்."

கொஞ்ச நேரம் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க தச்சதப் போட்டுக்கிட்டு பனிமலைல ராத்திரி நின்னவன்லாம் இருக்கான். எவனும் தனியா நிக்கல தம்பி. என்ன எடுத்துக்கணும்னு அவன் முடிவு பண்றதும் இல்ல. லிஸ்ட் மேல இருந்து வரும்."

அவர் அறிவுரையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். போகும்போது ஊசியும் கெட்டி நூலும் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று இரவு என் மனைவி சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்து பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "லேசாத்தான் இருக்கு" என்றாள். நான் பெருமையாக, முதல் தடவை கட்டியபோது பதினொன்று இருந்தது, இப்போது ஏழு என்றேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அந்த நாலு கிலோவ எங்கிட்ட வச்சிட்டுப் போறீங்க, அவ்ளோதான்."

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தோடு போட்ட சண்டை. அவள் சொன்னதில் பாதி சரியென்றும் பாதி சரியில்லையென்றும் இன்றும் நினைக்கிறேன். எந்தப் பாதி எது என்பதில்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறேன்.

முதலில் சரியான பாதி. நம்மிடம் பை கட்டுவதற்கு ஒரு பழைய முறை உண்டு. கார்த்திகை பிறந்தால் அம்பத்தூரில் எந்தக் கோயில் மண்டபத்திலும் பார்க்கலாம். இருமுடி இரண்டு அறை கொண்ட பை. முன்முடியில் நெய்த்தேங்காய், பூஜைப் பொருள். அது சுமக்கிறவனுடையது அல்ல. பின்முடியில்தான் அவன் வழிச்சாப்பாடு. முக்கியமான விஷயம், அதை அவன் தனியாகக் கட்டுவதில்லை. குருசாமி கட்டுவார். வீட்டிலிருந்து அம்மா, மனைவி, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு பிடி அரிசி போடுவார்கள். பத்திக்கு வெளியே நின்று பார்த்தாலும் இதில் ஒரு நேர்மை தெரிகிறது. இவன் போவதில் எங்களுக்கும் பங்கு உண்டு, இவன் தலையில் இருப்பதில் எங்கள் கையும் இருக்கிறது என்று போகிறவன் கண் முன்னாலேயே நடத்திக் காட்டுகிறார்கள். புரட்டாசியில் சி.டி.எச். ரோட்டில் மஞ்சள் வேட்டியோடு திருப்பதிக்கு நடந்து போகிறவர்களைப் பாருங்கள். தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். ஜார்டின் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் அது எப்படி அவ்வளவு லேசாக இருக்கிறது? வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சாம்பார் சாதமும் கொடுக்கிறார்கள். மிச்ச எடை பந்தலில் இருக்கிறது. அதை யாரும் மறைப்பதில்லை, மைக் வைத்துச் சொல்கிறார்கள்.

தனியே போகிறவனுடைய பையும் அப்படித்தான். என்ன, பந்தல் கண்ணுக்குத் தெரியாது.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். வெளியில் படுக்கிற எவனுக்கும் வருகிற முதல் பயம். ஜிப் போட்ட கூடாரம் இதில் உண்மையிலேயே உதவும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களின் பாய்க்குள் வருகிற பாம்பு, கடித்தது தெரியாமலே தூக்கம் தொடரும். சரி, கடித்துவிட்டது. முதலுதவிப் பையில் எதை வைப்பது? கயிற்றால் இறுகக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே என்கிறார்கள் மருத்துவர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, முடிந்தவரை நடக்காமல், சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த மருந்துக்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978லிருந்து இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் கையால் பிடித்த பாம்புகளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆக, நடக்காமல் போக வேண்டும். அதாவது யாராவது தூக்க வேண்டும். பாம்புக்கடிக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான் இன்னொரு மனிதர். அவரைப் பையில் வைக்க முடியாது. அந்தத் தோப்புக்காரரிடம் நான் முதலில் கேட்டது, "ராத்திரி வண்டி இருக்குமா?" என்பதுதான். அவர் சிரித்தார். "இருக்கு சார். ஓட்டத்தான் என்னை எழுப்பணும்."

அவரை எழுப்பும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? கூடாரத்துக்குக் கொடுத்த வாடகையில் அது சேர்ந்ததா? இதுதான் என் மனைவியின் நாலு கிலோவின் இன்னொரு பெயர்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு மிகக் கொடூரமாக வெளியில் வந்தது 2018 மார்ச் 11 அன்று. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்திருந்த இரண்டு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இளைஞர்கள், இளம்பெண்கள், ஐ.டி. வேலைக்காரர்கள், புதிதாகத் திருமணமானவர்கள். அவர்கள் தனியே போனவர்கள் அல்ல, குழுவாகப் போனவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அந்தத் தீயை அவர்கள் மூட்டவும் இல்லை. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்தது. ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் அதற்கு முன்பே ஏறியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள், மலைவாழ் மக்கள். புகைந்துகொண்டிருந்த சரிவில் இருட்டில் ஏறினார்கள், போர்வையைத் தொட்டிலாக்கிக் காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கினார்கள். எந்தக் குழுவின் சாமான் பட்டியலிலும் அவர்கள் இல்லை. யாரும் அவர்களைக் கேட்டிருக்கவும் இல்லை. மலைமேல் யாரோ கத்துகிறார்கள் என்றால் போகாமல் இருக்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காகப் போனார்கள்.

அதே ஆண்டு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி, வழிகாட்டி, தீப்பருவத்தில் தடை. என் நண்பர்கள் சிலர் இந்த விதிகளைத் திட்டுவார்கள். என் உயிர், என் காடு, அரசாங்கத்துக்கு என்ன என்பார்கள். இதில் நான் அரசாங்கம் பக்கம். 'என் உயிர்' என்பது அந்தச் சரிவின் உச்சியில் மட்டும்தான் உண்மை. கீழே ஏறி வருகிறவனுக்கு அது அவனுடைய முதுகு, அவனுடைய முழங்கால்.

தனியே போகிறவர்களின் கதைகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது ஆரோன் ரால்ஸ்டனுடையது. 2003 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தில் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் பாறை உருண்டு அவர் வலக்கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, மழுங்கிய மலிவுக் கத்தியால் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் கத்தியைப் பற்றியே பேசினார்கள். நல்ல கத்தி வாங்க வேண்டுமாம்! அவர் எங்கே போகிறேன் என்று ஒருவரிடமும் சொல்லாமல் போயிருந்தார். அது எடையே இல்லாத சாமான். ஒரு துண்டுச் சீட்டு.

துண்டுச் சீட்டு என்றதும் எனக்கு வேறொருவர் ஞாபகம் வருகிறது. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்ட என்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். பின்னாளில் ரமண மகரிஷி. நம் மொழி பேசுகிறவர்களில் இதைவிடக் குறைந்த சாமானோடு இதைவிட நீண்ட தனிப்பயணம் போனவர் யாரும் எனக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்ததும் மிச்சமிருந்த சில்லறையையும் குளத்தில் எறிந்துவிட்டார். எல்லோரும் இந்த எறிதலைச் சொல்வார்கள். என்னை நிறுத்துவது அந்தக் கடிதம். தன்னைத் தேட வேண்டாம், தேடுவதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். தேடுவார்கள், அதற்குச் செலவாகும், அந்தச் செலவு தன்னால் என்பது பதினாறு வயதில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு ரூபாயைத் திருப்பி வைத்ததும் அந்தக் கணக்கில்தான்.

ஆனால் கடிதம் எழுதினால் தேடாமல் இருந்துவிடுவார்களா? தேடினார்கள். 1898ல் தாய் அழகம்மாள் மூத்த மகனோடு திருவண்ணாமலைக்கு வந்து, வீட்டுக்கு வா என்று நாட்கணக்கில் அழுதார். மகன் பேசவில்லை, பதிலை எழுதிக் கொடுத்தார். தாய் திரும்பிப் போனார். பல ஆண்டுகள் கழித்து மலைக்கே வந்து மகனோடு தங்கி, அங்கே அடுப்பு மூட்டினார். ரமணரின் துறவை நான் எடைபோட வரவில்லை, அது என் தராசில் நிற்காது. அழகம்மாளின் அந்த இரண்டு வருடங்கள் மட்டும் என் தராசில் நிற்கும். 'தேட வேண்டாம்' என்று சொல்வதால் தேடுதல் நிற்காது. என் மனைவி அந்தக் கதையை அறிவாள். ஒரு முறை சொன்னாள்: "அவங்க அம்மா என்ன எடுத்துக்கிட்டு வந்தாங்கன்னு எவனும் எழுதல பாருங்க."

இதுவரை அவள் பக்கம். இனி நான் ஒப்புக்கொள்ளாத பாதி.

அவள் வாதத்தை அப்படியே நீட்டினால் யாரும் எதையும் செய்ய முடியாது. நான் வாரத்தில் ஆறு நாள் பைக்கில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைத் தொட்டுத் திரும்புகிறேன். கன்டெய்னர் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில், மழைக்காலத்தில் பள்ளம் எது சாலை எது என்று தெரியாமல். ஏலகிரித் தோப்பில் ஓர் இரவைவிட அந்த ஒரு வாரம் ஆபத்தானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்போதும் அவள் காத்திருக்கிறாள். அப்போதும் விழுந்தால் யாரோ ஒரு டீக்கடைக்காரர்தான் தூக்க வேண்டும். ஆனால் அந்த நாலு கிலோவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஏனென்றால் அது சம்பளத்துக்காக. குடும்பத்துக்காக எடுக்கும் ஆபத்து சுத்தமானது, தனக்காக எடுக்கும் ஆபத்து சுயநலம் என்று நாம் ஒரு தீட்டுக் கணக்கு வைத்திருக்கிறோம். சபரிமலைக்குப் போகிறவனை ஏன் போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. சும்மா போகிறேன் என்றால்தான் கேட்கிறார்கள். ஒரு மனிதன் யாருக்கும் மகனாகவோ கணவனாகவோ அப்பாவாகவோ ஆபரேட்டராகவோ இல்லாமல், தன் மூச்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓர் இரவு இருப்பது ஒரு தேவை என்று நான் நினைக்கிறேன். ஆடம்பரம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே இரவு இரண்டு மணிக்கு விழித்தேன். எந்த மெஷினும் ஓடவில்லை. கூடாரத் துணியில் பனி சொட்டும் சத்தம் மட்டும். அரை மணி நேரம் அதைக் கேட்டேன். அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது எனக்கு வேண்டியிருந்தது.

இதையே திரும்பி வந்து அவளிடமும் சொன்னேன். ஆபத்து ஒரு காரணமே அல்ல, தனியாக இருப்பது ஒரு மனிதனுக்குத் தேவை என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்:

"தேவைன்னா எல்லாருக்கும்தானே?"

பயம் என்பது அவள் வாதத்தின் மேல்தோல்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகள் பிறந்து ஏழு வருடம். அதற்கு முன் நாலு வருடம். இந்தப் பதினொரு வருடத்தில் அவள் ஓர் இரவுகூட ஓர் அறையில் தனியாக இருந்ததில்லை. அம்மா வீட்டுக்குப் போனாலும் மகளோடு. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் பக்கத்தில் ஆள். தனிமை காட்டில் கிடைக்கிற ஒன்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வீட்டில் இருக்கும் ஒரு பண்டம், அரிசி மாதிரி, அளவானது, ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் என்பது அவள் கணக்கு. நான் ஏலகிரியில் பனி சொட்டுவதைக் கேட்ட அரை மணி நேரத்தில் இங்கே மகளுக்கு இருமல், அம்மாவுக்கு முட்டி வலி.

எம்மா கேட்வுட் என்று ஒரு அமெரிக்கப் பெண். 1955ல், தன் 67வது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், சுமார் 3,300 கிலோமீட்டர், தனியாக நடந்து முடித்தார். ஒரே பருவத்தில் அதைத் தனியே நடந்து முடித்த முதல் பெண். கூடாரம் கிடையாது. தானே தைத்த ஒரு துணிப்பை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை, காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. எடை குறைப்பவர்கள் அவரைக் குலதெய்வம் போல வைத்திருக்கிறார்கள். பையில் என்னென்ன இருந்தது என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். அவர் எப்போது கிளம்பினார் என்பதை நான் அதைவிட முக்கியமாக நினைக்கிறேன். பதினொரு பிள்ளைகள், அடித்து உதைத்த கணவன், விவாகரத்து. கடைசிப் பிள்ளையும் வளர்ந்து வெளியேறிய பிறகுதான் கிளம்பினார். பிள்ளைகளிடம் சொன்னது, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்பது மட்டும். முந்தைய வருடம் முயன்றபோது வழி தவறி, கண்ணாடி உடைந்து, வனக்காவலர்கள் கண்டுபிடித்து அனுப்பினார்கள். வழியெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் வீட்டுத் திண்ணையில் படுத்தார், அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டார். முப்பது நாற்பது வருடம் எல்லோருடைய சுமையையும் சுமந்தவர் கடைசியில் கொஞ்சத்தை உலகத்தின் மேல் வைத்தார். அதை யாரும் சுயநலம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்களிடம், உனக்கும் 67 வயதில் கிடைக்கும் என்று சொல்லி நான் தப்பிக்க முடியுமா?

அவளிடம் கேட்டேன், நீ ஒரு தடவை போய்விட்டு வாயேன், கூடாரம் இருக்கிறது, இடம் தெரிந்த இடம். சிரித்தாள். "எனக்கு எதுக்கு மலையும் பனியும்? நீங்க மூணு பேரும் ஒரு ராத்திரி எங்கயாவது போங்க. நான் இங்க இருக்கேன். கதவச் சாத்திக்கிட்டு."

எனக்கு அது வினோதமாக இருந்தது, பிறகு சரியாகவும் பட்டது. அவள் காடு இந்த இரண்டு அறைதான். அதிலிருந்து மற்றவர்களைக் காலி செய்தால் போதும். பூந்தமல்லியில் என் தங்கை வீடு இருக்கிறது. மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயந்திரம் போய், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் வருவது என்று முடிவானது. நடுவில் போன் பண்ணக் கூடாது, முக்கியமென்றால் மட்டும் ஒரு மெசேஜ். அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். "புருஷன் புள்ளையத் தொரத்திட்டு அப்படி என்னடா தனியா செய்யப் போறா?" நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. பிறகு அம்மாவே அலமாரியிலிருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்துத் தனியே வைத்தாள்.

இந்த முறை பட்டியல் போட்டது மனைவி. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பால் பாயின்ட் பேனாவில். மகளின் இருமல் மருந்து, இரவு ஐந்து மில்லி, மூடியால் அளக்கக் கூடாது, ஸ்பூன் உள்ளே இருக்கிறது. அவள் தலையணை, அதில்லாமல் தூங்க மாட்டாள். அத்தையின் முட்டித் தைலம், கம்பளி சாக்ஸ். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, பழம். மாற்று உடுப்பு இரண்டு செட், ஒன்று போதாது. தண்ணீர் பாட்டில். பையைக் கட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தேன். பதினொன்று இருக்கும்.